ஜூனியரிலிருந்து எம்15க்கு: பட்டியலில் பெயர் இருந்தும் பறிபோன வாரம்

வெளிநாட்டு எம்15 டென்னிஸ் போட்டியின் தகுதிச்சுற்றுப் பட்டியலில் பையன் பெயர் இருந்தது, ஆனால் விமானம் ஏற முடியவில்லை. ஆட்டத்தில் குறையில்லை, விசா வரவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்து வருகிறவர்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் ஜூனியர் போட்டிக்கு, அது தொடங்கும் திங்கட்கிழமைக்கு 27 நாள் முன்பு, செவ்வாயோடு விண்ணப்பம் முடியும். ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் தொடக்கநிலைப் போட்டிகளான எம்15, எம்25க்கு 18 நாள் முன்பு, வியாழன் 14:00 ஜிஎம்டி. நம் நேரம் இரவு 7.30. கூடுதல் அவகாசம் கிடைக்கிறது என்று சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு மட்டும் வழக்கமாக 15 நாள் போய்விடும். பட்டியல் வந்த பிறகு அப்பாயின்ட்மென்ட் தேடினால் கதை முடிந்தது. 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். ஒரு கையெழுத்து இல்லையென்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பினார்கள், எங்களுக்கு வாரம் போனதே அதில்தான்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒரு போட்டிக்கென்று கேட்காமல், அடுத்தடுத்து மூன்று, நான்கு வாரப் போட்டிகளைச் சேர்த்துக் காட்டிப் பலமுறை நுழைவு விசா கேளுங்கள். அது கைக்கு வரும்வரை உள்ளூர்ப் போட்டிகள் போதும்.

பெயரை விலக்க 13 நாள் முன்பு, செவ்வாய் கடைசி. அதைத் தாண்டினால் தாமத விலகல் என்று கணக்கில் ஏறும். விசா சந்தேகமென்றால் அன்றே விலகிவிடுங்கள்.

ஐடிஎஃப் தரும் ஆட்டக்காரர் அடையாள எண்ணான ஐபின் பழையதேதான், ஆனால் ஜூனியர் உறுப்பினர் கட்டணம் இங்கே செல்லாது, தனியாகக் கட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே பெயர் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். நம் ஊர் இனிஷியல் வெளிநாட்டில் படுத்தும் பாடு தெரிந்ததுதானே. சூதாட்ட முறைகேடுகள் பற்றிய டிப் (TIPP) என்ற இணையப் பாடத்தையும் முடிக்க வேண்டும். ஒரே உட்காரலில் முடிந்துவிடும், கடைசி இரவுக்குத் தள்ளாதீர்கள்.

தகுதிச்சுற்றில் மூன்றாவது செட் கிடையாது, அதற்குப் பதில் 10 புள்ளி டைபிரேக்தான். ஜூனியரில் மெதுவாகச் சூடுபிடிக்கும் பையன்கள் இங்கே அடிபடுகிறார்கள். பயிற்சியிலேயே 1-1 செட் என்று வைத்து, நேரே டைபிரேக் ஆடவிட்டுப் பழக்குங்கள். தகுதிச்சுற்றில் தோற்றால் பணமும் இல்லை, ஆண்கள் தொழில்முறைத் தரவரிசைக்கான ஏடிபி புள்ளியும் இல்லை. பிரதான சுற்றில் முதல் ஆட்டத்தை ஜெயித்தால் ஒரு புள்ளி. எம்15 ஒற்றையரில் பட்டம் வென்றாலே 2,160 டாலர்தான், அதிலும் வரி பிடிப்பார்கள். போட்டிப் பெயரில் ‘+ஹெச்’ இருந்தால் தங்குமிடம் தருவார்கள். எம்15இல் பெரும்பாலும் இருக்காது.

ஜூனியர் புள்ளிகள் ஏடிபிக்கு மாறாது என்பதால் பலர் 17 வயதிலேயே ஜூனியரை உதறிவிடுகிறார்கள். தப்பு. ஜூனியர் தரவரிசையில் முதல் 100க்குள் இருப்பவர்களுக்கு எம்15 பிரதான சுற்றில் ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. 18 நிறையும் ஆண்டின் டிசம்பர் வரை ஜூனியர் ஆடலாம். முதல் 100க்குப் பக்கத்தில் இருக்கும் பையன் கடைசி ஆண்டில் பெரிய ஜூனியர் போட்டிகளை விடவே கூடாது. தகுதிச்சுற்றில் வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட அது நல்ல வழி.