"பனி உண்டோ?" - கோடைக்கு மலையேறி வரும் பட்டணத்துப் பிள்ளைகள்

உடுமலையிலிருந்து ஒன்பதாறு (9/6) செக்போஸ்ட், சின்னாறு தாண்டி, கேரளத்து மலையூர்களான மறையூர், காந்தல்லூர் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஏப்ரல் பிறந்ததும் போன் வர ஆரம்பிக்கும். சென்னையில் ஒற்றை அறையில், ஷீட் கூரைக்குக் கீழே வேகிற சொந்தக்காரர்களோ பழைய அக்கம்பக்கத்தாரோ, "பிள்ளைங்களை ஒரு பத்து நாள் அனுப்பட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாக வரச் சொல்லுங்கள். ஆனால் சில ஏற்பாடுகளை முன்னாலேயே செய்துவிட வேண்டும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே மூன்றாம் வாரத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஜூன் முதல் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை இறங்கும், கேரளத்தில் பள்ளியும் திறந்துவிடும். ஒரே பிள்ளையைத் தனியாக வரவழைக்காதீர்கள். அண்ணன் தங்கையோ இரண்டு கூட்டாளிகளோ சேர்ந்து வந்தால் ஏக்கம் பாதியாகிவிடும். பெற்றோரில் ஒருவரோ வீட்டுக்கு நன்கு தெரிந்த பெரியவரோ கூட வந்து விட்டுப் போகவேண்டும். ஆதார் நகல், சாப்பிடும் மருந்துகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம், இரண்டு போன் நம்பர், எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து பழநி வழியாகப் பாலக்காடு போகும் ரயிலில் உடுமலையில் இறங்கி பஸ் பிடிக்கலாம். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி போதும்; பால், பூரி வேண்டாம். முன் சீட்டில் உட்காரவைத்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். போனைப் பார்த்துக்கொண்டே வந்த பிள்ளைதான் வளைவில் வாந்தி எடுக்கும். காட்டு வழி என்பதால் இருட்டுமுன் வீடு சேருகிற பஸ்ஸாகப் பாருங்கள்.

மறையூர் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், காந்தல்லூர் அதற்கும் மேலே. மே மாதத்திலும் காந்தல்லூரில் ராத்திரிக்குக் கம்பளி வேண்டும். சென்னைப் பிள்ளையிடம் ஸ்வெட்டர் இருக்காது, வாங்கி வரச் சொல்லவும் கூடாது. உங்கள் பிள்ளைகளுக்குச் சிறியதாகிப்போனதைத் துவைத்து, பட்டன் தைத்து, முதல் நாளே கட்டில்மேல் மடித்து வைத்துவிடுங்கள். மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள். புது இடம், குளிர், இருட்டில் வெளியே இருக்கும் கழிப்பறை, மூன்றும் சேர்ந்தால் எட்டு வயதுப் பிள்ளையும் படுக்கையை நனைக்கும். காலையில் யாருக்கும் தெரியாமல் விரிப்பை எடுத்து ஊறப்போடுங்கள். இரண்டாம் மூன்றாம் ராத்திரிதான் அழுகை வரும். அம்மாவுக்குப் போன் போடுவதைச் சாயங்காலமே முடித்துவிடுங்கள். படுக்கப்போகும்போது அந்தக் குரலைக் கேட்டால் தூக்கம் போய்விடும்.

யானை விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். இது பலாப்பழக் காலம். வீட்டு மரத்தில் பழுக்கும்முன் காய்களை இறக்கிவிடுங்கள். வாசனை பிடித்து வந்துவிடும். பொழுது சாய்ந்தபின் பிள்ளைகள் திண்ணைக்கு அப்பால் இறங்கக் கூடாது.

சிரிப்புக்குக் குறைவிருக்காது. மறையூர்க் கடைகளில் தமிழ் ஓடும். ஆனால் மலையாளம் பேசும் அடிமாலிப் பக்கம் போய் "வெல்லம்" கேட்டால் தண்ணீர் வரும், அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். "சர்க்கரை" கேட்டால் வெல்லம் வரும். சீனி வேண்டுமென்றால் "பஞ்சசார" என்று கேட்கவேண்டும். "வெள்ளம் வேணோ?" என்று யாராவது அன்போடு கேட்டால், 2015லும் 2023லும் தெருவில் தண்ணீர் நின்ற ஊரிலிருந்து வந்த பிள்ளை திருதிருவென்று முழிக்கும். அதைவிட முக்கியமானது ஆஸ்பத்திரியில் கேட்கும் கேள்வி: "பனி உண்டோ?" மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். "ஆமா, காலையில நிறைய இருக்கு" என்று பிள்ளை பதில் சொன்னால் மாத்திரை எழுதிவிடுவார்கள். பெரியவர் ஒருவர் கட்டாயம் கூடப் போகவேண்டும்.

இப்படி வார்த்தையைப் பார்த்துச் சிரிக்கலாம், பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. மூன்றாவது தோசை கேட்பதும், சோப்பைக் காகிதத்தில் சுற்றிப் பத்திரப்படுத்துவதும் யாருடைய வேடிக்கைப் பேச்சிலும் வரவேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் உலகத்துக்குப் புதிதில்லை. 1877இல் அமெரிக்காவில் வில்லர்ட் பார்சன்ஸ் என்ற பாதிரியார், நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புப் பிள்ளைகளைத் தம் ஊரான பென்சில்வேனியா மாநிலத்து ஷெர்மனின் வீடுகளில் கோடைக்குத் தங்கவைத்தார். பத்தாண்டு கழித்து, அப்போது நகைச்சுவை வார இதழாக இருந்த 'லைஃப்' இதே வேலைக்கு வாசகர்களிடம் நிதி திரட்டியது. பத்திரிகை சிரிக்கவைத்தது, அந்தச் சிரிப்பில் சேர்ந்த வாசகர்களின் காசில் பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். நம் பக்கத்தில் இதற்கு நிதியே வேண்டாம், இரண்டு தட்டு கூடுதலாக வைத்தால் போதும். தர்மம் என்ற சொல்லை மட்டும் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. கேட்பவர்களிடம் "லீவுக்கு வந்திருக்காங்க" என்று சொல்லுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் "உதவி செய்தோம்" என்று போடாதீர்கள்.

கிளம்பும்போது, புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்ல உருண்டை ஒரு கிலோ, காந்தல்லூர்ப் பூண்டு கால் கிலோ கட்டிக் கொடுங்கள். உருண்டையைக் காகிதத்தில் சுற்றி, மேலே துணிப்பை போடுங்கள். கூட்டிப்போக வரும் அம்மா முறுக்கோ பூவோ எதையாவது கையில் கொண்டுவருவார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவர் கண்ணெதிரே பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுங்கள்.