தொட்டி மண்ணில் வெள்ளைப் பூஞ்சை: செய்து பார்த்தவை

மணி பிளான்ட், பீஸ் லில்லி இரண்டு தொட்டியிலும் மேல்மண்ணில் வெள்ளைப் பூஞ்சை விடாமல் வந்துகொண்டிருந்தது. சுரண்டி எடுத்தால் கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் அதே இடத்தில் மறுபடி படரும். செடிகள் என்னவோ நன்றாகத்தான் இருந்தன. இந்த வகைப் பூஞ்சை உயிருள்ள செடியைத் தொடுவதில்லை. தென்னை நார்த்தூள், மட்கிய எரு, உதிர்ந்த இலை என்று மண்ணில் மட்குவதைத்தான் தின்கிறது. ஆனாலும் மேல்மண் எந்நேரமும் ஈரமாகவே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. அந்த ஈரம் வேருக்கு நல்லதில்லை.

மணி பிளான்ட்டுக்கு முதலில் சமையலுக்குப் போடும் பட்டையின் தூள். பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருள் பூஞ்சையை அடக்கும் என்பது உண்மைதான். தூள் விழுந்த இடத்தில் வெள்ளை படுத்துவிட்டது. தண்ணீர் ஊற்றியதும் தூள் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, காலியான நடுப்பகுதியில் பழையபடி பூஞ்சை. ஒதுங்கிய தூளும் ஏடு கட்டி, தண்ணீர் சட்டென்று இறங்காமல் தேங்க ஆரம்பித்தது. பேக்கிங் சோடா பக்கமே போகவில்லை. அதிலுள்ள சோடியம் தொட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், செடிக்கு ஆகாது.

பீஸ் லில்லிக்கு மருந்து எதுவும் இல்லாமல் பார்த்தேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வித்துகள் பறக்காமலிருக்கப் பூஞ்சை மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, மேல்மண்ணை 2-3 செ.மீ. ஆழத்துக்குக் கரண்டியால் வழித்துப் பையில் கட்டிப் போட்டேன். (ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது.) அந்த இடத்தில் பெர்லைட் (தண்ணீர் எளிதில் வடிய மண்ணில் சேர்க்கும் லேசான வெள்ளைக் கல்துகள்) கலந்த காய்ந்த கலவையை நிரப்பி, தொட்டியைக் காற்றோட்டமான ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். பீஸ் லில்லியில் ஒரு வசதி, தாகம் எடுத்தால் இலையைத் தொங்கப்போட்டுச் சொல்லிவிடும். மண் உலர்ந்து இலை லேசாகத் துவளும்போது தண்ணீர் கொடுத்தால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடுகிறது.

தண்ணீரும் மேலே ஊற்றவில்லை. தட்டில் தண்ணீர் விட்டுத் தொட்டியை அதில் அரை மணி நேரம் வைத்து எடுத்து, மிச்சத்தை வடியவிட்டேன். மேல்மண் காய்ந்தே இருந்ததால் பூஞ்சை நின்றது. ஈர மண்ணில் முட்டையிடும் அந்தக் குட்டிக் கறுப்பு ஈக்களும் குறைந்தன. அவற்றின் புழுக்களுக்குப் பூஞ்சையும் ஒரு இரை.

சரி, முடிந்தது என்றிருந்தபோது மறுபடி வெள்ளை! விரலால் தேய்த்தால் பஞ்சு போல நசுங்கவில்லை, நறநறவென்று பொடிந்தது. ஒரு சொட்டு வினிகர் விட்டேன், நுரைத்தது. பூஞ்சை நுரைக்காது, இது சுண்ணாம்புப் படிவு. கீழிருந்து உறிஞ்சிய தண்ணீர் மேலே வந்து ஆவியாகும்போது அதிலிருந்த உப்புகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. படிவைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்துளை வழியாக நன்றாக வடியும்வரை மேலிருந்து தண்ணீர் ஊற்றினேன். இனி அவ்வப்போது இதையும் செய்ய வேண்டும்.

பிறகு மணி பிளான்ட்டைத் தொட்டியிலிருந்து கழற்றினால், அடியில் யாரோ போட்டுவைத்த கூழாங்கல் அடுக்கு. கல்லுக்கு மேலே இருந்த மண் சொதசொதவென்று, அந்த இடத்து வேர்நுனிகள் பழுப்பாக. தண்ணீர் வடிய என்றுதான் கல் போடுகிறார்கள். ஆனால் பொடிமண் முழுக்க நனைந்து ஊறும்வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் மட்டம் அந்த அளவுக்கு வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். கல்லை எடுத்துவிட்டு, அழுகிய வேரை வெட்டி, பெர்லைட் கூட்டிய கலவையில் நட்டுவிட்டேன்.

இப்போது பூஞ்சை மிச்சமிருப்பது கொடி ஏற நட்ட தேங்காய்நார்க் கம்பின் அடியில் மட்டும். கம்பு ஈரமாக இருந்தால்தான் கொடியின் வேர் பற்றும், அதனால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.