காலையில எடுத்துருவோம்டே

"அண்ணே, இத அப்புறமா எடுத்துருவோம்லா?" என்று தம்பி கேட்டதும், "காலையில எடுத்துருவோம்டே" என்று நான் சொன்னதும் இன்னும் காதில் கிடக்கிறது.

2023 டிசம்பர் 17 ராத்திரி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், எங்கள் ஆபீஸில், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. யூபிஎஸ் சாகும் முன்னால் விஎம்களையெல்லாம், அதாவது சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்களை, ஒழுங்காக ஷட்டவுன் செய்ய வேண்டும். அவற்றுக்குக் கட்டளை கொடுக்கும் பவர்சிஎல்ஐ ஸ்கிரிப்ட் இருந்தது, பாஸ்வேர்டையும் முறையாகத்தான் வைத்திருந்தோம், எக்ஸ்போர்ட்-சிஎல்ஐஎக்ஸ்எம்எல் என்ற கட்டளை போட்டுப் பூட்டி ஒரு ஃபைலில். ஆனால் விண்டோஸில் அந்த ஃபைல், எழுதிய அதே யூசர் அதே மெஷினில் திறந்தால்தான் திறக்கும். அந்த மெஷின் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றது. பாளையங்கோட்டையில் என் வீட்டு லேப்டாப்பில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கும் கெட்-கிரெடென்ஷியல் கட்டளையைப் போட்டுக் கையால் அடித்திருக்கலாம். ஃபோன் நெட்டில், ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் விபிஎன் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது, ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்கும், கரண்டும் இல்லை, அதனால் அட்மின் பாஸ்வேர்டை அப்படியே ஸ்கிரிப்ட்டில் எழுதிவிட்டேன். நாலு தடவை அறுந்தது. நாலு தடவை அடித்திருந்தால் ரெண்டு நிமிஷம் கூட ஆகியிருக்காது. ஆனால் அது இப்போது உட்கார்ந்து போடுகிற கணக்கு. அன்றைக்கு விஎம் எதுவும் கெடவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

காலையில் அந்தப் பாஸ்வேர்டை எடுக்கவில்லை. சேறு அள்ளவே ஒரு வாரம். ஸ்கிரிப்ட் பொது ஃபோல்டரில் கிடந்தது.

மார்ச்சில் ஆடிட். விஎம்களின் பழைய நிலையைச் சேமித்து வைத்த ஸ்னாப்ஷாட்களை அழிக்கத் தம்பி எழுதிய ஸ்கிரிப்ட்டில் அதே பாஸ்வேர்ட், அதே வரி. "யாரு இப்படிப் போடச் சொன்னா?" என்று மேலதிகாரி கேட்டார். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. "நானே போட்டதுதான் சார்." நான் வாயைத் திறக்கவில்லை. மீட்டிங் முடிந்ததும் தனியாகப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன், அதையும் செய்யவில்லை. அதற்குப் பதிலாக அன்று மாலையே பாஸ்வேர்டை மாற்றினேன், ஷட்டவுனும் ஸ்னாப்ஷாட்டும் மட்டும் செய்யக்கூடிய தனி அக்கவுண்ட் ஒன்று போட்டேன். வெள்ளத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

அப்புறம் இரண்டு ஸ்கிரிப்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் முதல் வரி கமென்ட்டில் என் பெயர் இருக்கும். அவன் காப்பி எடுத்தபோது மற்ற எல்லாம் அப்படியே, அந்த வரியை மட்டும் நீக்கியிருக்கிறான். டிசம்பரிலேயே நீக்கினானா, ஆடிட் வருகிறது என்று தெரிந்த பிறகா? ஃபைல் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் பார்க்கவில்லை.