கட்டிய கையை அவிழ்ப்பது

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை முதல் தடவை பார்க்க வரும் அப்பா, பெரும்பாலும் இன்குபேட்டரிலிருந்து இரண்டடி தள்ளியே நிற்பார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். அம்மாவின் பார்வை குழந்தையின் முகத்துக்குப் போவதற்கு முன்பே மானிட்டருக்குப் போய்விடும். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கு இது தினமும் காண்கிற காட்சி. அந்தக் கட்டிய கைகளை அவிழ்க்க வைப்பதும் மருந்து ஏற்றுவதைப் போலவே எங்கள் வேலை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பெற்றோரின் கையால் மட்டுமே ஆகிற காரியங்கள் சில இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் பிறந்த அன்றே தொடங்கியாக வேண்டும்.

முதலில் அவசரமானது பால். 37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதம். ஆனால் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் செய்யும் பக்குவம் 32 முதல் 34 வாரத்தை ஒட்டித்தான் வரத் தொடங்கும். அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு வாய் வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய டியூபில்தான் பால். குழந்தை உறிஞ்சாத நிலையில், பால் சுரக்கச் சொல்லி அம்மாவின் உடம்புக்கு யார் சொல்வது? மார்பிலிருந்து பால் வெளியேறுவதுதான் அந்தச் செய்தி. அதனால் பிரசவமான முதல் சில மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே, பீய்ச்சத் தொடங்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் அம்மாவுக்குப் படுத்தபடியே உதவலாம்.

முதல் இரண்டு நாளுக்கு மெஷினைவிடக் கைதான் நல்லது. சீம்பால் கெட்டியாகச் சொட்டுச்சொட்டாக வரும். பம்பின் புனலிலேயே ஒட்டிப் போய்விடும். காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலின் மேல் விரலை வழுக்கி இழுக்கக் கூடாது. வலிக்கும், பாலும் வராது. வருகிற சொட்டை ஒரு மில்லி ஊசிக்குழலில் உறிஞ்சி எடுத்தால் வீணாகாது. முதல் தடவை ஒன்றுமே வரவில்லை என்று அழுகிற அம்மாக்கள் நிறைய. வராவிட்டாலும் அந்தப் பதினைந்து நிமிடம் வேலை செய்திருக்கிறது. வந்த அரை மில்லியும் சின்ன விஷயமில்லை. குழந்தையின் இரண்டு கன்னத்தின் உட்புறத்திலும் அதைத் தடவினாலே நோய் எதிர்ப்புச் சத்து போய்ச் சேரும். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைக்குக் குடல் அழுகும் நோய் வரும் வாய்ப்பு, புட்டிப்பால் மாவு குடிக்கும் குழந்தையைவிடக் குறைவு. வார்டில் தாய்ப்பாலை மருந்து என்றே சொல்வோம்.

24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பத்துத் தடவை, அதில் ஒன்றாவது நள்ளிரவுக்குப் பிறகு. இந்தக் கணக்கில்தான் பலரும் வழுக்குகிறார்கள். முதல் வாரம் குழந்தைக்கு வேளைக்கு ஒன்றோ இரண்டோ மில்லிதான் கொடுக்கிறோம். "இதுக்கு எதுக்கு இவ்வளவு பீய்ச்சணும்?" என்று அம்மா நான்கு தடவையாகக் குறைத்துக்கொள்வார். குழந்தைக்கு வேளைக்கு 30 மில்லி வேண்டும் என்கிற நாளில் பால் வற்றியிருக்கும். முதல் இரண்டு வாரத்தில் உடம்பு எந்த அளவுக்குப் பழகுகிறதோ, பின்னால் வருவதும் ஏறக்குறைய அதைப் பொறுத்ததே. ஆகவே இரண்டாவது வார முடிவில் நாளுக்கு 500 மில்லி என்று இலக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். குழந்தையின் இன்றைய பசிக்கு அளந்து பீய்ச்சினால் நாளைக்குப் போதாது. அந்தப் பாலில் பெயர், தேதி, பீய்ச்சிய மணி எழுதி ஒட்டுவது, குளிர் விடாமல் கொண்டுவருவது, பம்பின் பாகங்களைக் கழுவிக் காய வைப்பது எல்லாம் அப்பா எடுத்துக்கொள்ள வேண்டிய வேலைகள். இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவதும் அவர் வேலையாக இருக்கட்டும்.

அடுத்தது தொடுவது. பிறந்த குழந்தை என்றால் தடவிக் கொடுக்கத்தான் கை போகும். 28 வாரத்துக் குழந்தையின் தோலுக்கு மெல்லத் தடவுவது எரிச்சல். கையை உதறும், மூச்சு தடுமாறும், ஆக்ஸிஜன் அளவு இறங்கும். "நான் தொட்டாலே பிடிக்கலை" என்று அம்மா கையை எடுத்துவிடுவார். தொட்டதில் தப்பில்லை, தொட்ட விதத்தில்தான். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, மோதிரம் கழற்றி, உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு கையைத் தலையின் மேலும் மற்றொன்றை மடக்கிய காலடியிலும் அசைக்காமல் வைக்க வேண்டும். தடவவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். கருப்பையின் சுவர் அணைத்திருந்தது போல. ஊசி குத்தும்போது இப்படி ஒருவர் பிடித்திருந்தால் குழந்தை சீக்கிரம் அமைதியாகிறது. எடுக்கும்போதும் ஒரு கை முதலில், மற்றது பிறகு, மெதுவாக. டயப்பர் மாற்றும்போது, முக்கியமாக முதல் மூன்று நாட்களில், கால்களை உயரத் தூக்கக் கூடாது. தலைக்கு இரத்தம் பாய்ந்து மூளையின் மெல்லிய நாளங்கள் கசியக்கூடிய காலம் அது. ஒரு பக்கமாகச் சாய்த்து மாற்றலாம். மாற்றிய டயப்பரைத் தூக்கிப் போட்டுவிடாமல் எங்களிடம் கொடுங்கள். அதை நிறுத்துத்தான் சிறுநீர் அளக்கிறோம். ஒரு கிராம் கூடியிருந்தால் ஒரு மில்லி.

குழந்தையைப் பெற்றோரின் வெற்று நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கியது. அதனால் இல்லாதவர்களின் மாற்று ஏற்பாடு என்ற எண்ணம் ரொம்ப காலம் இருந்தது. குழந்தை நன்றாகத் தேறிய பிறகே நெஞ்சில் போடுவார்கள். 2021இல் வெளியான, ஐந்து நாடுகளில் நடந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு இதைத் திருப்பிப் போட்டது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைத் தேறும்வரை காத்திராமல் பிறந்தவுடன் நெஞ்சில் போட்டபோது முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. இப்போது அந்நிறுவனம் சொல்வது நாளுக்கு எட்டு மணி நேரத்திலிருந்து முடிந்தவரை என்று.

செய்கிற முறையில்தான் பலனும் இருக்கிறது. முன்பக்கம் திறக்கும் சட்டை. வாசனைத் திரவியம் வேண்டாம். கழிப்பறை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து எழுந்திருக்கக் கூடாது. இடம் மாற்றுவதே குழந்தைக்குக் களைப்பு. இருபது நிமிடத்தில் திரும்ப வைத்தால் களைப்பு மட்டும்தான் மிச்சம். நாற்காலி சற்றே சாய்ந்திருக்க வேண்டும். குழந்தைக்குத் தொப்பியும் டயப்பரும் மட்டும். நெஞ்சோடு நெஞ்சு நிமிர்த்தி, கால்களைத் தவளை போல மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, தாடை லேசாக நிமிர்ந்திருக்கும்படி. தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் மென்மையான மூச்சுக்குழாய் மடங்கிவிடும். போர்வை மூக்குவரை ஏறிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள். மூச்சுக்கு உதவியாக அழுத்தத்தோடு காற்று தரும் சிபாப் குழாய் மூக்கில் இருந்தாலும் செய்யலாம். குழாய்களை உங்கள் தோளில் ஒட்டிவிடுவோம். அப்பாவின் நெஞ்சும் அதே சூடு தரும். அம்மா எழுந்தவுடனே பீய்ச்சினால் பால் கூடுதலாக வருவதைப் பலரும் கவனிக்கிறார்கள்.

மானிட்டரைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு குறை. எண்களை விளக்காமல் விட்டுவிடுகிறோம். "ஆக்ஸிஜன் 30இல் இருக்கு" என்போம்; மானிட்டரில் 92 என்றிருக்கும். இரண்டும் சதவீதம், இரண்டும் ஆக்ஸிஜன், பெற்றோர் குழம்பி இரவெல்லாம் தூங்காமல் இருப்பார்கள். முன்னது குழந்தைக்குக் கொடுக்கும் காற்றில் உள்ளது. நாம் எல்லாரும் இழுக்கும் காற்றில் 21. அது இறங்குவது நல்ல சேதி. பின்னது இரத்தத்தில் உள்ளது. ஆக்ஸிஜன் கொடுக்கும்போது 90க்கும் 95க்கும் இடையில் வைக்கவே பார்க்கிறோம். நூறு இருந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை. அதிக ஆக்ஸிஜன், வளர்ந்து முடியாத விழித்திரையின் நாளங்களைக் கெடுக்கும். பிறந்து நான்கு வாரத்தை ஒட்டிக் கண் பரிசோதனை வைப்பதும் அதற்காகத்தான். அதைத் தள்ளிப் போடவே கூடாது.

அலாரம் அடித்தால் திரையைவிட்டுக் குழந்தையைப் பாருங்கள்: உதடு நிறம் மாறவில்லையா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா. அடிக்கடி காரணம் காலில் ஒட்டிய உணர்கருவி நழுவியதுதான். மூச்சு நிஜமாகவே நிற்பதும் உண்டு. 20 விநாடிக்கு மேல் நின்றாலோ இதயத் துடிப்பு இறங்கினாலோ நாங்கள் வருவோம். பல நேரம் உள்ளங்காலைச் சுண்டிவிட்டாலே போதும். மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு இன்னும் முதிராததால் வருவது. கஃபீன் மருந்து கொடுக்கிறோம், வாரங்கள் கூடக்கூட ஓய்ந்துவிடும்.

எடை தினமும் கேட்கப்படும் கேள்வி. முதல் வாரத்தில் பத்து சதவீதமும் அதற்குச் சற்று மேலும் குறையலாம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பும். பிறகு கிலோவுக்கு நாளுக்கு 15 கிராம் அளவில் ஏறும். ஒரு நாள் ஏறாவிட்டால் ஒன்றுமில்லை. வாரக் கணக்கைப் பாருங்கள்.

வீட்டுக்கு அனுப்ப எடை மட்டும் பார்ப்பதில்லை. இன்குபேட்டருக்கு வெளியே உடல் சூடு 36.5க்குக் கீழே போகக் கூடாது, டியூப் இல்லாமல் குடிக்க வேண்டும், மூச்சு இடையில் நிற்பது ஓய்ந்து பல நாள் ஆகியிருக்க வேண்டும். காது பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். கிளம்பும் முன் அம்மாவும் அப்பாவும் ஓர் இரவாவது குழந்தையோடு ஒரே அறையில் தங்கி எல்லாவற்றையும் தாங்களே செய்து பார்ப்பது நல்லது. சந்தேகங்கள் எல்லாம் அந்த ராத்திரிதான் வரும்.

இரண்டு விஷயத்தைக் கிளம்பும்போது திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஒன்று, வயது. 30 வாரத்தில் பிறந்த குழந்தை பத்து வாரம் முன்னால் வந்தது. நான்கு மாதமானால் வளர்ச்சியில் இரண்டு மாதக் குழந்தையைவிடச் சின்னது என்றே எண்ண வேண்டும். தலை நிற்பது, குப்புற விழுவது எல்லாவற்றுக்கும் இரண்டு வயது வரை இந்தக் கழித்த வயதுதான். தடுப்பூசிக்கு மட்டும் அப்படியில்லை. பிறந்த தேதியிலிருந்தே கணக்கு, கழிக்கக் கூடாது. இன்னொன்று, படுக்கை. மூச்சுக்கு வசதி என்று நாங்கள் குழந்தையைக் குப்புறப் போட்டிருந்ததை வாரக்கணக்கில் பார்த்திருப்பீர்கள். அங்கே மானிட்டரும் பக்கத்தில் ஆளும் இருந்தோம். வீட்டில் மல்லாக்கப் போடுங்கள், கெட்டியான படுக்கையில், தலையணையும் பொம்மையும் இல்லாமல். முதல் ராத்திரி அலாரச் சத்தம் இல்லாத அமைதியே தூங்க விடாது. எழுந்து விளக்கைப் போட்டு, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.