நீர்க்காகம் காகமில்லை: பிள்ளைகளோடு கூந்தன்குளம்

உயிரின வகைப்பாட்டில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். தண்ணீரில் கிடந்தால் மீன், நெளிந்தால் புழு, கால் நீண்டால் கொக்கு. தப்பு அவர்களுடையதில்லை, நாம் வைத்திருக்கிற பெயர்கள் அப்படி. கம்பளிப்புழுவும் மண்புழுவும் நமக்குப் புழுதான்; ஆனால் முன்னது பூச்சியின் குஞ்சு, தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மைக் கால்கள் உண்டு. பின்னதற்குக் காலே கிடையாது. இதைத் தெளியவைக்கக் கரும்பலகையைவிடப் பறவைகள் கூடுகிற கூந்தன்குளம் நல்ல இடம்.

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக ஏறத்தாழ 38 கிலோமீட்டர். 1994-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காலை ஐந்தரைக்கு வண்டி எடுத்தால் வெயில் ஏறுமுன் கரையில் நிற்கலாம். தை, மாசி நல்ல மாதங்கள். தண்ணீர் இல்லாத வருஷம் போனால் வெறுங்குளம்தான், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இருபது பிள்ளைகள் என்றால் ஐவருக்கு ஒரு பைனாகுலர், 8×40 அளவில். பெரிதாகத் தெரியுமே என்று 12 மடங்கு வாங்கினால் சின்னக் கைகளில் ஆடும், ஒன்றும் தெரியாது. நோட்டில் நான்கு கட்டம்: அலகு, கால்விரல், இரை எடுக்கும் விதம், பெயர். பெயருக்குக் கடைசிக் கட்டம்தான். அதை முதலில் எழுதவிட்டால் மற்ற மூன்றையும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஊருக்குள் வீட்டுப் புளிய மரத்திலும் வேம்பிலும் கூடுகள் இருக்கும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி போடாத ஊர் இது. பிள்ளைகள் கைதட்டித் தாய்ப்பறவை எழும்பிவிட்டால், காகம் முட்டையைத் தூக்கிவிடும், குஞ்சு வெயிலில் வாடும். வண்டியிலேயே சொல்லி இறக்க வேண்டும்.

கரையில் முதலில் காட்ட வேண்டியது கால்விரல். நீர்க்காகத்துக்கு நான்கு விரலையும் சேர்த்து ஒரே சவ்வு. காகத்துக்குச் சவ்வே இல்லை. வாத்துக்கு முன்விரல் மூன்றுக்கு மட்டும். நாமக்கோழி கரையேறி நடக்கும்போது பாருங்கள், ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் தனித்தனி மடல். அது கோழியுமில்லை, வாத்துமில்லை.

அடுத்து அலகு. சங்குவளை நாரை பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் இருபுறமும் வீசும்; மீன் பட்டதும் மூடிவிடும், கண்ணால் தேடுவதில்லை. பூநாரையோ தலையைக் கவிழ்த்து அலகாலேயே தண்ணீரை வடிகட்டும். பெயரில் நாரை இருந்தாலும் அது நாரைக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் பூநாரைக்கு மிக நெருங்கிய சொந்தம் முக்குளிப்பான் என்று தெரியவந்தது. அதே குளத்தில் கைப்பிடி அளவில் முங்கி முங்கி எழுகிறதே, அதுதான். உருவத்தை நம்பி வகை பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வெயில் ஏறினால் பனை நிழல். வெட்டிப்போட்ட பனந்துண்டு கிடைத்தால் குறுக்குவெட்டைத் தடவச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் கறுப்பு நார் நெருங்கி இரும்பாக இருக்கும், நடுவில் சோறு போல மெத்தென்று. பக்கத்திலேயே ஒரு கருவேல விறகை வையுங்கள்: வைரம், அதாவது கெட்டிப்பட்ட பகுதி, நடுவில். வைரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்தது இதைத்தான். இன்றைய தாவரவியலிலும் பனையும் நெல்லும் ஒருவித்திலை (விதைக்குள் ஒரே இலை), கருவேலும் வேம்பும் இருவித்திலை (இரண்டு இலை). பனையும் புல்லும் ஒரே குடும்பம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், குடும்பம் வேறு வேறு.

வீட்டிலிருந்து கொண்டுவந்த விதை முடிச்சை அந்த நிழலிலேயே அவிழ்க்கலாம். நெல், பச்சரிசி, பாசிப்பயறு ஒவ்வொன்றிலும் பத்து எண்ணி, நெல்லையும் அரிசியையும் 24 மணி நேரம், பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, தனித்தனி ஈரத்துணியில் ஒரு நாள் முடிந்துவைத்துக் கொண்டுவர வேண்டும். தண்ணீரிலேயே விட்டால் விதைக்கு மூச்சுக்காற்று கிடைக்காமல் அழுகி நாறும். அறுத்த உடனே எடுத்த நெல் உறக்கத்தில் இருக்கும், சில மாதம் பழகிய நெல் வேண்டும். பயறும் நெல்லும் முளைத்திருக்கும். அரிசி முளைக்காது. லென்ஸில் பார்த்தால் அரிசியின் ஒரு மூலையில் சின்னப் பள்ளம் தெரியும், ஆலையில் போன முளைக்கருவின் இடம் அது. உயிருள்ளது எது என்று இப்போது கேளுங்கள். வந்த பஸ்ஸும்தான் நகர்ந்தது, டீசல் குடித்தது, புகை விட்டது. ஆனால் அதற்குச் செல் இல்லை, வளர்ச்சி இல்லை, குட்டி போடாது. நேற்றுவரை கல்லாகக் கிடந்த பயறுக்கு உயிர் இருந்தது. இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

திரும்பும் வழியில் திருநெல்வேலியில் தாமிரபரணிப் படித்துறையான குறுக்குத்துறை. பாசி என்றால் பச்சை, அவ்வளவுதான் பொருள். ஆகவே பச்சையாக வழுக்குவதெல்லாம் பாசி ஆகிவிட்டது. மூன்று சின்னப் பாட்டில் எடுங்கள். வேலம்பாசிக்குத் தண்டும் இலையும் உண்டு, பூக்கும், அது பூக்கும் தாவரம். தலைமுடி போல மிதக்கிற நூல்பாசி ஆல்கா, அதாவது தண்டும் இலையும் இல்லாத எளிய உயிர். கல்லில் கருநீலமாக வழவழக்கிறது நீலப்பச்சைப்பாசி. அதன் செல்லில் உட்கருவே இல்லை. உயிரினங்களை ஐந்து உலகங்களாக அமெரிக்க அறிவியலாளர் விட்டேக்கர் 1969-இல் வகுத்ததில் அதற்கு இடம் பாக்டீரியாவோடு, மொனிரா என்கிற உலகில். படிக்கட்டின் ஓரக்கல்லைச் சுரண்டினாலே கிடைக்கும், யாரையும் தண்ணீரில் இறக்க வேண்டாம். பாட்டிலில் பாதிக்குமேல் தண்ணீர் விடாமல், மூடியை இறுக்காமல் வைத்தால்தான் மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறபோது உயிரோடு இருக்கும்.