ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 11
மழை விடவில்லை. தம்பி கோல் எடுக்கவில்லை.

ஜனவரி 13
எடுத்தான். அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு வந்து நிற்கப் போகிறானாம். சரி, பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். அப்புறம் நித்திரை வரவில்லை. தம்பியைப் போலப் படம் கீறுகிற ரமோன் எசோனோ எபாலேயைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். எக்குவடோரியல் கினியில் 1979 முதல் ஒபியாங் ஆட்சி. அவரை விடாமல் கருத்துப்படமாகக் கீறிய ரமோன் பராகுவேயில் பத்திரமாக இருந்தவர். 2017இல் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க ஊருக்குப் போனார். மலாபோவில் பிடித்துவிட்டார்கள். விசாரித்தது படங்களைப் பற்றி, போட்டது கள்ளநோட்டு வழக்கு. மேலிடம் சொன்னதைத்தான் சொன்னேன் என்று பொலிஸ் சாட்சியே நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டது. வெளியே வர அடுத்த மார்ச் ஆகிவிட்டது.

ஒரு கடவுச்சீட்டுக்காக.

ஜனவரி 15
பொங்கல். "பெடியன் புதுசா என்ன கீறினவன், காட்டு" என்றார் அம்மா. போனை மூக்கோடு சேர்த்துப் பிடித்தும் முகம் பிடிபடவில்லை. யாருடைய முகம் என்று சொன்னேன். உடனே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஜனவரி 18
சிரியாவில் கருத்துப்படம் கீறிய அலி ஃபர்சாத். லிபியாவின் கடாபி ஓட்டிக்கொண்டு வரும் காரை மறித்து, கையில் பெட்டியோடு சிரிய ஜனாதிபதி அசாத் நிற்கும் படம். கீறியது 2011 ஓகஸ்டில். அந்த மாதமே டமாஸ்கஸில் முகமூடி போட்டவர்கள் அவரைப் பிடித்து விரல்களை முறித்தார்கள். குவைத் போய், கை தேறி, திரும்பவும் கீறினார். அசாத் உண்மையிலேயே மொஸ்கோவுக்கு ஓடியது 2024 டிசெம்பரில். ஃபர்சாத் அதைக் கண்டார். அக்ரம் ரஸ்லானுக்கு அதைக் காணக் கிடைக்கவில்லை. அவர் சிரியாவிலேயே இருந்து கீறியவர், 2012இல் பிடித்துக்கொண்டுபோய்க் காவலிலேயே சாகவிட்டார்கள்.

வெளியே போனவன் வெளியிலேயே இருக்கட்டும் என்று தம்பிக்கு எழுதினேன். அழித்துவிட்டேன். அம்மாவுக்கு அவன் வேண்டும்.

ஜனவரி 20
ஒப்பரேஷன் திகதி கிடைத்தது. அவனுக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 24
ஊடகவியலாளர் சுகிர்தராஜன், 2006. பிரகீத் எக்னலிகொட, 2010. இரண்டும் இதே திகதி.

திருகோணமலை காந்தி சிலைப் பக்கம் போய் நின்றேன். 2006 ஜனவரி 2இல் ஐந்து மாணவர்கள் செத்தது குண்டு வெடித்து என்றார்கள். சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. மூன்று கிழமையில், வேலைக்குப் போகிற வழியில், அவரையும் சுட்டார்கள். மாணவர்கள் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுதலை, சாட்சியம் போதாதாம். பிரகீத் கருத்துப்படம் கீறியவர். ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கக் காணாமல் போனார். அவர் மனைவி சந்தியா இன்றும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தம்பி வெளிக்கிட்டதும் அதே 2010இல்தான்.

இப்போது ஆட்சி வேறு அக்கா என்கிறான். தெரியும். எனக்கு அது போதவில்லை.

ஜனவரி 26
அம்மாவே திகதியைச் சொல்லிவிட்டார். அவன் டிக்கெட்டும் போட்டுவிட்டான். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, பயப்படாதே என்கிறான்.

ஜனவரி 27
படம் கீறின கொப்பி ஒன்றையும் பெட்டியில் வைக்காதே, போனில் இருப்பதையும் அழித்துவிட்டு வா என்று எழுதினேன். போனில் உள்ளதை அழிக்கிறானாம். கொப்பி வரும், கண் தெளிந்ததும் அம்மா பார்க்க வேண்டும் என்கிறான். நாளைக்குத் திரும்பவும் கதைக்க வேண்டும்.