எண்ணெய நிறுத்துனா போர் நிக்குமா?

1941 டிசம்பர் 8 விடியக்காலைல ஜப்பான்காரன் மலாயாவோட கோத்தா பாரு கரையில இறங்குனான், அமெரிக்காவோட பேர்ல் ஹார்பர்ல குண்டு விழுறதுக்கு ஒரு மணி நேரம் முந்தியே. இத இப்ப எதுக்கு சொல்றேன்னா, எந்த நாடு எந்த நாட்டு மேல படையெடுத்தாலும் உடனே "எண்ணெய், வியாபாரம், பணத்துக்கு தடை போடு, தன்னால அடங்கிருவான்"னு டிவில ஒருத்தர் பேசுறாரு, மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையிலயும் அதே பேச்சுதான். தடைக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு தோட்டத்து ஜனங்களுக்கு தெரியணும், ஏன்னா அந்த கதையில நாமளும் இருக்கோம்.

ஜப்பான் 1937லேர்ந்து சீனாவுல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. 1941 ஜூலைல தெற்கு இந்தோசீனாவுக்குள்ளயும் படைய இறக்குனவுடனே அமெரிக்கா அவங்க சொத்த முடக்கி எண்ணெயயும் நிறுத்திருச்சு, பிரிட்டனும் டச்சுக்காரனும் கூட சேர்ந்துக்கிட்டாங்க. ஜப்பானுக்கு வந்த எண்ணெய்ல பெரும்பகுதி அமெரிக்காவோடது, கையிருப்பு ரொம்ப நாளைக்கு தாங்காது, அப்ப பின்வாங்குவான்னுதானே நெனைப்போம், ஆனா அவங்க கணக்கு வேற, இருக்கிறது தீருறதுக்குள்ள சுமத்ரா போர்னியோ எண்ணெய், மலாயா ரப்பர், ஈயம் எல்லாத்தையும் புடிச்சிரணும்னு கெளம்பிட்டாங்க. அதுக்கு வெல கொடுத்தது தோட்டத்து லயத்து வீடுங்கள்லேர்ந்து லாரில ஏத்திட்டு போன நம்ம ஆளுங்க. சயாம்லேர்ந்து (இப்ப தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட மரண ரயில், 415 கிலோமீட்டர் தண்டவாளம், காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரம் பேர தின்னுருச்சு. எங்க பாட்டியோட அண்ணனும் அதுல போனவருதான், திரும்பி வரல, வீட்ல ஒரு போட்டோ கூட கெடையாது.

அதுக்காக எண்ணெய வித்துக்கிட்டே இருந்திருக்கணும்னு நான் சொல்லல. சீனாவுல ஊர் ஊரா குண்டு போட்ட விமானத்துக்கும் அந்த எண்ணெய்தானே ஊத்துனாங்க. நாலு வருஷம் வித்துட்டு, அவன் நல்லா வளந்து நிக்கிறப்ப ஒரே நாள்ல கழுத்த நெரிச்சா அவன் பாயத்தான் செய்வான், அதத்தான் சொல்றேன்.

இதுக்கு நேர் எதிர் கதை 1935. முசோலினி எத்தியோப்பியா மேல பாஞ்சான், ஐநாவுக்கு முன்னாடி அன்னிக்கு இருந்த சர்வதேச சங்கம் தடை போட்டுச்சு, ஆனா பட்டியல்ல எண்ணெய் இல்ல, சூயஸ் கால்வாயும் மூடல, இத்தாலி கப்பல் படையையும் ஆயுதத்தையும் ஏத்திக்கிட்டு அந்த வழியாவே போச்சு. 1936 மே மாசம் அடிஸ் அபாபா விழுந்துச்சு, ஜூலைல தடையவே எடுத்துட்டாங்க. என்ன கொடுமை பாருங்க.

என் முடிவு இதுதான். தடை போடுறவனுக்கும் வலிக்கணும், அதுவும் படை எல்லைய தாண்டுறதுக்கு முன்னாடியே "எனக்கு வலிச்சாலும் பரவால்ல, போடுவேன்"னு எதிராளி நம்பணும், அப்பதான் அவன் யோசிப்பான். 2022 பிப்ரவரில ரஷ்யா உக்ரைனுக்குள்ள போச்சு, ரஷ்ய மத்திய வங்கியோட கிட்டத்தட்ட 300 பில்லியன் டாலர மேற்கு நாடுங்க முடக்குனாங்க, பெரிய அடிதான், ஆனா கப்பல்ல வர்ற ரஷ்ய எண்ணெய ஐரோப்பா நிறுத்துனது டிசம்பர்லதான், அதுக்குள்ள இந்தியாவும் சீனாவும் வாங்க ஆரம்பிச்சாச்சு. இப்படித்தான் இழுப்பாங்கன்னு 2014ல கிரிமியாவ புடிச்சப்பவே புடினுக்கு தெரிஞ்சு போச்சுன்னு நெனைக்கிறேன்.

பணத்தால படைய திருப்புன கதையும் இருக்கு. 1956ல பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோட சேர்ந்து எகிப்து மேல போனப்ப பவுண்டு சரிஞ்சுச்சு, நிறுத்துற வரைக்கும் கைதூக்கி விட மாட்டேன்னு அமெரிக்கா சொல்லிருச்சு, வருஷம் முடியறதுக்குள்ள பிரிட்டனும் பிரான்சும் மூட்டைய கட்டிட்டாங்க. அது கூட்டாளி, அதனால கேட்டான். பகையாளி கேப்பானா?

நம்ம பால்மரம் கூட இந்த தடையில மாட்டியிருக்கு. கொரியா சண்டையப்ப, 1951ல ஐநா சொன்னதும் மலாயா ரப்பர் சீனாவுக்கு போகக்கூடாதுன்னு வெள்ளைக்கார ஆட்சி நிறுத்துச்சு, ஐநாவுல அப்ப இல்லாத சிலோன் 1952ல ரப்பர கொடுத்து அரிசி வாங்குற ஒப்பந்தம் போட்டுக்கிச்சு. சண்டை 1953 வரைக்கும் ஓடுச்சு. ஒருத்தன் கதவ சாத்துனா இன்னொருத்தன் தொறக்குறான்.

இப்ப பால்மரம் போயி எங்க பாத்தாலும் பாமாயில் எடுக்குற செம்பனை. பெலாருஸ் நாட்டு பொட்டாஷ் உரத்துக்கு 2021லயே தடை வந்துச்சு, அடுத்த வருஷம் ரஷ்யா சண்டையும் சேர்ந்ததுல உர வெல எங்கேயோ போயிருச்சு, பொட்டாஷ் முழுக்க வெளிநாட்லேர்ந்துதான் வருது, ரெண்டு மூணு ஏக்கர் வச்சிருக்கிற சின்ன ஆளுங்க உரத்த கொறச்சாங்க. தடை போட்ட எந்த நாடும் இவங்கள கணக்குல எடுக்கல.

நம்ம அரசாங்கம் ஐநா பாதுகாப்பு மன்றம் போடுற தடைய மட்டும்தான் ஏத்துப்போம்னு சொல்லுது. சின்ன நாடு, வேற எப்படி சொல்லும், புரியுது. ஆனா அந்த மன்றத்துல ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் எந்த தீர்மானத்தையும் ஒத்த ஓட்டுல தடுக்குற வீட்டோ இருக்கே, அவங்களே இன்னொரு நாட்டுக்குள்ள பூந்தா அந்த தடை எப்ப வரும்? இதுக்கு பதில் சொல்லாம "நாங்க நடுநிலை"ன்னு மட்டும் சொல்றது எனக்கு போதல. குறைஞ்சபட்சம் படைக்கு போற எலக்ட்ரானிக் சிப்பு, உதிரி பாகம் பினாங்கு வழியா சுத்தி போகாம பாத்துக்கலாம், அதுக்கு யாரோட ஓட்டும் தேவையில்ல.